பிக் பேசின் ரெட்வுட் காட்டுக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட வாரயிறுதி வந்தாலும் சரி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கினாலும் சரி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களிடையே பிக் பேசின் பற்றிய சந்தேகங்கள் கிளம்பிவிடும். திரும்பத் திரும்ப வருகிறவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணம், திறந்திருக்கும் பாதைகள், முன்பதிவு விதிகள் மூன்றும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முந்தைய இரவு பூங்காவின் அதிகாரபூர்வப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது எங்க இருக்கு? யோசெமிட்டி மாதிரி நேஷனல் பார்க்கா?

சான் ஹோசேக்குத் தென்மேற்கே, சாந்தா குரூஸ் மலைகளில் இருக்கிறது. போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். ரெட்வுட் என்னும் வானுயர ஊசியிலை மரங்கள் நிறைந்த, 18,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு. மேற்கு ஓரம் பசிபிக் கடலைத் தொடுகிறது, கிழக்கே மேடு 2,000 அடிக்கு மேல் ஏறுகிறது.

இது தேசியப் பூங்கா இல்லை, கலிபோர்னியா மாநில அரசின் பூங்கா. இந்த வேறுபாடு உங்கள் பணப்பையைத் தொடும்: யோசெமிட்டிக்காக வாங்கிய தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது. வாசலில் அதை நீட்டிவிட்டு விழிப்பவர்கள் நிறைய.

கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மிகப் பழையது இதுதான். சான் ஹோசேயைச் சேர்ந்த ஓவியரும் புகைப்படக்காரருமான ஆண்ட்ரூ ஹில், இந்த மரங்களைக் காக்க முன்னின்று நடத்திய இயக்கத்தில், 1900-இல் செம்பர்வைரன்ஸ் சங்கம் இந்தக் காட்டுக்குள்ளேயே தொடங்கப்பட்டது. மரம் அறுப்பவர்களின் கைக்குப் போகவிருந்த நிலத்தை 1902-இல் மாநில அரசு வாங்கியது.

2020-ல முழுசா எரிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே, இனிமே பாக்க என்ன இருக்கு?

2020 ஆகஸ்ட் நடுவில் மழையில்லாமல் இடிமின்னல் மட்டும் இறங்கியது. அதில் மூண்ட தீ ஓரிரு நாளில் பூங்காவுக்குள் புகுந்து ஏறத்தாழ 97 சதவீதப் பரப்பில் பரவியது. 1930-களில் கட்டிய அழகான மரக்கட்டடத் தலைமையகம், முகாம்கள், பாலங்கள் எல்லாம் போய்விட்டன. 2022 ஜூலையில் ஒரு பகுதியை மட்டும் மறுபடி திறந்தார்கள்.

ஆனால் பழைய ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை. கரியேறிய தூணில் அடி முதல் நுனி வரை பச்சைத் துளிர் மொய்த்து நிற்கும் மரங்கள்தான் இன்றைய பிக் பேசின். நாள்காட்டிப் படத்தில் வருவதுபோல் இருண்ட, குளிர்ந்த, பாசி படர்ந்த காட்டை நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு காடு தன்னைத் தானே திருப்பிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. அந்த இருண்ட காடுதான் வேண்டும் என்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

எரிஞ்ச மரம் எப்படித் திரும்பத் துளிர்க்குது?

மூன்று காரணங்கள். முதலாவது பட்டை: முதிர்ந்த மரத்தில் அது ஓர் அடி வரைகூடத் தடித்திருக்கும். பைன் மரப் பட்டையில் ஊறும் எளிதில் பற்றும் பிசின் இதில் கிடையாது; துவர்ப்புச் சத்து நிறைந்த நார்தான். வெளியே கரியானாலும் உள்ளே உயிரடுக்கு தப்பிவிடுகிறது. இரண்டாவது, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள். மேலே இலை கருகியதும் அவை விழித்து அடிமரத்திலிருந்தே துளிர் விடுகின்றன. மூன்றாவது, வேரடியில் உள்ள முண்டுகள். மரம் மேலே முழுதும் செத்தாலும் அங்கிருந்து வட்டமாகக் கன்றுகள் கிளம்பும்.

இலையே இல்லாத மரத்துக்குத் துளிர்விட உணவு எங்கிருந்து வந்தது? இந்தப் பூங்கா மரங்களை வைத்தே செய்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. பல பத்தாண்டுகளுக்கு முன் வெயிலில் தயாரித்துச் சேமித்துவைத்த சர்க்கரையைத்தான் மரங்கள் எடுத்துச் செலவழித்திருக்கின்றன என்று அது காட்டியது. எல்லா மரங்களுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏராளமாக மாண்டன. மொட்டையாகச் சாம்பல் நிறத்தில் நிற்பவற்றில் பல அவைதான்.

புக்கிங் பண்ணாம நேரா போய்ட்டா உள்ள விடுவாங்களா?

ஆளுக்கு முன்பதிவு கிடையாது, வண்டி நிறுத்துவதற்குத்தான். தீக்குப் பிறகு நிறுத்துமிடம் மிகக் குறைவு என்பதால் இந்த ஏற்பாடு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து போய் வாசலிலிருந்து திரும்புவது கொடுமை. சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வரலாம் என்ற கணக்கும் வேண்டாம். பூங்காவுக்கு வரும் 236-ஆம் எண் சாலையில் ஒதுங்க இடமே இல்லாத வளைவுகள் அதிகம்.

முன்பதிவுக் கட்டணம் வேறு, வண்டிக்கான நாள் கட்டணம் வேறு. மாநிலப் பூங்கா வருடாந்திர பாஸ் வைத்திருந்தாலும் முன்பதிவுக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத வழி ஒன்று: கலிபோர்னியாவின் பொது நூலகங்களில் மாநிலப் பூங்கா பாஸ் இரவல் கொடுக்கிறார்கள், புத்தகம் எடுப்பதுபோல் நூலக அட்டையைக் காட்டி எடுத்துவரலாம். 200-க்கும் மேற்பட்ட பூங்காக்களில் வண்டிக் கட்டணத்துக்கு அது செல்லும். கோடை விடுமுறையில் காத்திருப்புப் பட்டியல் நீளும். மார்ச்சிலேயே பெயர் கொடுத்துவையுங்கள்.

எந்த ரோடு நல்லது? ஜி.பி.எஸ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது.

பெரிய மரங்களும் வண்டி நிறுத்தமும் இருக்கும் தலைமையகப் பகுதிக்கு இரண்டு வழி. ஒன்று, சாரடோகாவிலிருந்து 9-ஆம் எண் சாலையில் மலையேறி, ஸ்கைலைன் சாலையைக் கடந்து இறங்கி, 236-இல் திரும்புவது. தூரம் குறைவு, ஆனால் 236-இன் இந்த வடக்குப் பகுதி ஒரே வண்டி அகலத்துக்குச் சுருங்கும், எதிரே வருபவர் கடைசி நொடியில்தான் தெரிவார். இன்னொன்று, 17-ஆம் எண் சாலையில் ஸ்காட்ஸ் வேலி வந்து, ஃபெல்டன், பென் லோமண்ட், போல்டர் கிரீக் ஊர்கள் வழியாக 236-ஐத் தெற்கிலிருந்து பிடிப்பது. போல்டர் கிரீக்கிலிருந்து 9 மைல். புதிதாக ஓட்டுபவர்களும், வேன் எடுத்துக்கொண்டு வருபவர்களும் இரண்டாவது வழியில் வாருங்கள்.

ஜி.பி.எஸ் செய்யும் பெரிய கூத்து வேறு. பூங்காவின் கடலோர வாசலான ராஞ்சோ டெல் ஓசோ, 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் வாடெல் கடற்கரைக்கு எதிரே இருக்கிறது. வரைபடத்தில் அதுவும் பிக் பேசின்தான். ஆனால் அங்கிருந்து பெரிய மரங்கள் இருக்கும் பகுதிக்குப் பூங்காவுக்குள்ளேயே காரில் வர வழி கிடையாது. மலையைச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சேருமிடமாகத் தலைமையக முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

மலைப்பாதையில் மெதுவாக ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம்.

போன்ல மேப் இருக்கே, அது போதாதா?

போதாது. பூங்காவுக்குள்ளும் 236-இன் பெரும்பகுதியிலும் கைபேசிக்குச் சிக்னல் வராது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் மூன்று வேலை: அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவையுங்கள்; முன்பதிவுச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள் அல்லது அச்சிடுங்கள்; எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். மின்னஞ்சலில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் வாசலில் அது திறக்காது.

இரண்டு வண்டியாகப் போனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் போல்டர் கிரீக்கைத் தாண்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெட்ரோலையும் அங்கேயே பாருங்கள். மின்கார் வைத்திருப்பவர்கள் மலையேற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும் என்பதை நினைவில் வைத்து அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பையன் வளைவுல கட்டாயம் வாந்தி எடுப்பான். என்ன பண்றது?

மேலே சொன்ன தெற்கு வழியில் வாருங்கள். கிளம்பும் முன் வயிறு முட்ட இட்லி, வெறும் வயிறு இரண்டுமே கூடாது. கொஞ்சம் பிஸ்கட் போதும். பின்இருக்கையில் கைபேசி, டேப்லெட் பார்க்கவிடாதீர்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம். குமட்டலுக்கான மாத்திரை கொடுப்பதாக இருந்தால் வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை; பெட்டியில் போட்டிருக்கும் நேரப்படி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். குழந்தைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

ஏப்ரல், மே. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், மரத்தடியில் ரெட்வுட் சாரல் எனப்படும் புளியாரை வகை பூத்திருக்கும். கோடையில் காலையில் கடல்மூட்டம் ஏறி வரும். மழையே இல்லாத மாதங்களில் இந்த மரங்களுக்குத் தண்ணீர் தருவது அந்த மூட்டம்தான், இலையில் படிந்து சொட்டுச்சொட்டாக மண்ணில் இறங்கும். செப்டம்பர், அக்டோபரில் வெப்பக் காற்று வீசித் தீ அபாய எச்சரிக்கை வந்தால் பூங்காவை மூடக்கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புயல்மழையில் மரம் விழுந்து சாலை அடைபடுவது சகஜம்.

என்ன டிரஸ் போடணும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

தீக்கு முன் வந்தவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே கேட்காதீர்கள். அன்று மேலே இலைக்கூரை மூடியிருந்தது, இன்று பல இடங்களில் வெயில் நேரே தலையில் இறங்குகிறது. தொப்பி அவசியம். அதே நாள் காலை மூட்டத்தில் நடுங்கவும் செய்வீர்கள், ஆகவே கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி ஒரு மேலாடை வேண்டும். முழுக்கால் பேண்ட், கால்விரலை மூடும் காலணி. புடவை கட்டும் அம்மாக்கள் சமதளப் பாதையில் தாராளமாக நடக்கலாம், செருப்பு மட்டும் வேண்டாம். கரிபட்ட மரத்தில் உரசினால் கறை போகாது. வெள்ளைச் சட்டையைத் தவிருங்கள்.

தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்: சின்னச் சுற்றுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், மேட்டுப் பாதை என்றால் இரண்டு. அங்கே கடை, உணவகம் எதையும் நம்ப வேண்டாம். கழிப்பறைகள் தற்காலிகமானவை, கைகழுவும் திரவம் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. அவங்களால ஏதாவது பாக்க முடியுமா?

முடியும். ரெட்வுட் லூப் என்ற சுற்றுப்பாதை அவர்களுக்காகவே போட்டதுபோல் இருக்கும். 0.6 மைல், சமதளம், வண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. உதவிக்கு ஒருவர் இருந்தால் சக்கர நாற்காலியிலும் போகலாம். மெதுவாக நடந்து, நின்று பார்த்து வர முக்கால் மணி நேரம்.

பூங்காவின் பேர்பெற்ற இரண்டு மரங்கள் இந்தச் சுற்றில்தான் நிற்கின்றன, இரண்டும் தீயைத் தாண்டியவை. வனத்தின் தாய் எனப்படும் மரம் முன்பு 329 அடி இருந்தது. நுனி முறிந்த பிறகு 293 அடி என்று அளந்தார்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், உயரம் புரிந்துவிடும். வனத்தின் தந்தை உயரத்தில் கொஞ்சம் குறைவு, சுமார் 250 அடி. ஆனால் அடிமரத்தின் குறுக்களவு 16 அடிக்கு மேல். கழுத்துவலி உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்காமல், தள்ளி நின்று பார்க்கட்டும்.

எங்களுக்கு முக்கால் மணி நேரம் பத்தாது. ரெண்டு மூணு மணி நேரம் நடக்க எது நல்லது?

தலைமையகப் பகுதியிலிருந்து எட்டக்கூடிய தீயணைப்புச் சாலைகளில் போங்கள். கேசோஸ் கிரீக் சாலை, மிடில் ரிட்ஜ் சாலை இரண்டும் அகலமான மண்பாதைகள். ஏற்றம் உண்டு, மேலே போனால் எரிந்து மீளும் மலைமுகடுகள் திறந்து தெரியும், தெளிவான நாளில் கடலும். போன வழியே திரும்புவதுதான் எளிது. ஒன்றேகால் மணி நேரம் ஏறிவிட்டுத் திரும்பினால் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் மட்டும்தான் நிழல்; மீதி வெயில்.

இங்கே ஒரு விதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது: பாதையை விட்டு இறங்காதீர்கள். தீயில் அடிமரத்தோடு வேரும் உள்ளுக்குள் எரிந்த இடங்களில் மண்ணுக்கடியில் பொந்து இருக்கும். மேலே சருகு மூடித் தரைபோலவே தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். மேலேயும் ஆபத்து உண்டு: காற்று பலமாக வீசினால் செத்த கிளைகள் சத்தமில்லாமல் விழும். காற்று கிளம்பினால் நடையை முடித்துக்கொள்ளுங்கள். மொட்டை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம்.

பெர்ரி கிரீக் அருவி ஃபோட்டோ பாத்துட்டுத்தான் கேக்கறோம். அங்க போக முடியுமா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தீக்கு முந்தைய படம். சுமார் 70 அடி அருவி அது. தலைமையகத்திலிருந்து போய்வரப் பத்து மைலுக்கு மேல், ஒரு முழுநாள் நடை. வழியிலிருந்த பாலங்களும் படிகளும் எரிந்ததால் அந்தப் பாதையை மூடினார்கள். பூங்காப் பக்கத்தின் திறந்த பாதைப் பட்டியலில் அதன் பெயர் இருந்தால் மட்டும் திட்டமிடுங்கள். மூடியிருக்கும் பாதையில் நுழைந்தால் அபராதம் ஒருபுறம். விழுந்தால் கூப்பிட சிக்னல் இல்லாதது மறுபுறம்.

சாப்பாடு கட்டிட்டுப் போலாமா? மிச்சத்தைப் பறவைகளுக்குப் போட்டா நல்லதுதானே?

புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் சரி. அடுப்பு பற்றவைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். காக்கைக்குச் சோறு வைத்து வளர்ந்த நமக்கு இது உறுத்தும், ஆனால் இங்கே காரணம் கனமானது.

மார்பிள்டு மர்லெட் என்று ஒரு கடற்பறவை இருக்கிறது. நாள் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு, முட்டையிட மட்டும் பல மைல் உள்ளே பறந்து பழங்காட்டு மரங்களுக்கு வரும். கூடு கட்டாது, உயரத்தில் பாசி படர்ந்த அகலக் கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். இது எங்கே முட்டையிடுகிறது என்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1974-இல் மரமேறும் தொழிலாளி ஒருவர், இதே பிக் பேசினில், ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் ஒரு குஞ்சைக் கண்டபோதுதான் வட அமெரிக்காவில் முதல் கூடு பதிவானது.

நீலச் சிறகும் கருங்கொண்டையும் கொண்ட ஸ்டெல்லர்ஸ் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் மனிதர் சிந்தும் உணவால் பெருகுகின்றன. பெருகியவை மரக்கிளைகளைத் தேடி மர்லெட்டின் அந்த ஒற்றை முட்டையைத் தின்றுவிடுகின்றன. ஆகவேதான் மேசையில் துளிகூட விடாமல் துடைக்கச் சொல்லிப் பூங்காவில் வலியுறுத்துகிறார்கள். மிக்சர், முறுக்கு, பொரி மாதிரி உதிரும் பண்டங்களைக் காரிலேயே தின்று முடிப்பது உத்தமம். குழந்தைகள் சாப்பிட்ட இடத்தில் ஒரு துண்டு விரித்து, முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்து மடித்து எடுத்து வாருங்கள். ஆரஞ்சுத் தோல், வேர்க்கடலைத் தொலியும் குப்பைதான்; மக்கிப்போகும் என்று புதரில் எறியாதீர்கள்.

கரடி, சிறுத்தை, பாம்பு இருக்கா? குழந்தைங்களோட போறோம்.

கரடி பயம் இங்கே வேண்டாம். ஒருகாலத்தில் இருந்தன: வாடெல் ஓடைக்குப் பெயர் தந்த மரவியாபாரி வில்லியம் வாடெல் 1875-இல் கிரிஸ்லி கரடி தாக்கித்தான் இறந்தார். அந்தக் கரடியினமே கலிபோர்னியாவில் பின்னர் அழிந்துவிட்டது.

மவுண்டன் லயன் எனப்படும் பூமா உண்டு, பார்ப்பது மிக அரிது. எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்தி உங்களைப் பெரிதாகக் காட்டி, உரக்கச் சத்தம் போட்டபடி பார்வையை எடுக்காமல் பின்வாங்குங்கள். தாக்கினால் எதிர்த்துப் போராடுங்கள். குழந்தைகள் முன்னால் ஓடாமல் பெரியவர்களுக்கு நடுவில் நடப்பதே பெரிய பாதுகாப்பு. ராட்டில் பாம்பு வெயில் காயும் மேட்டுப் பாதைகளில் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையும் காலும் வைக்காதீர்கள்.

பாய்சன் ஓக்னு பயமுறுத்தறாங்களே, அது எப்படி இருக்கும்?

மேலே சொன்ன விலங்குகள் எல்லாவற்றையும்விட, பட்டால் தோலைத் தடிக்கவைக்கும் இந்தச் செடிக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளம். வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடை முடிவில் சிவப்பு. புதராகவும் நிற்கும், கொடியாக மரத்திலும் ஏறும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதே நஞ்சுதான், ஊன்றுகோலுக்குக் குச்சி ஒடிப்பவர்கள் மாட்டுவது அப்போது. தீக்குப் பிறகு வெளிச்சம் கிடைத்ததால் வேரிலிருந்து செழித்து வளர்ந்திருக்கிறது.

ஊரில் வண்ணார் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்குமே, அதே குடும்பத்துச் செடி இது. மாவும் முந்திரியும்கூட அந்தக் குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும்.

பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறீர்களோ அவ்வளவு நல்லது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதுபோல், பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, துணியால் அழுத்தித் தேய்த்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே மேலோட்டமாக அலசினால் போகாது. துணி, காலணி, கயிறு, கைபேசி எல்லாவற்றையும் துடையுங்கள். ஒரு வாரம் கழித்து ஷூ நாடாவைத் தொட்டு அரிப்பு வருபவர்கள் உண்டு. தடிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கொப்புளத்து நீர் பட்டு மற்றவருக்குப் பரவாது. முகம், கண்ணோரம், பிறப்புறுப்புப் பகுதி, அல்லது உடம்பில் பெரும்பகுதி என்றால் மருத்துவரிடம் போங்கள்.

உண்ணி கடிச்சா லைம் நோய் வருமா?

எல்லா உண்ணியாலும் வராது; மேற்குக் கருங்கால் உண்ணி பரப்பக்கூடும். பாதையின் நடுவில் நடந்து, புல் உரசாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பேண்டைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ பரவும் சிவப்பு வட்டமோ வந்தால் கடி விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வழியில மஞ்சளா, விரல் நீளத்துக்கு வழவழன்னு ஒண்ணு ஊருதே?

வாழைப்பழ நத்தை என்று அழைக்கப்படும் ஓடில்லா நத்தை. ஈரமான காலைகளில் நிறையத் தெரியும். நம் கையிலிருக்கும் கொசுத் தைலமும் உப்பும் அதன் ஈரத் தோலைப் புண்ணாக்கும். பார்த்து நடந்தால் போதும்.

நாய், சைக்கிள், ட்ரோன்?

நாய் தார்ச்சாலையிலும் வண்டி நிறுத்தப் பகுதியிலும் கயிற்றோடு மட்டும். நடைபாதையிலும் மண்சாலையிலும் கூடாது. சைக்கிள் தார்ச்சாலையிலும் தீயணைப்புச் சாலைகளிலும் போகலாம், குறுகிய நடைபாதைகளில் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

ரெட்வுட் காய் ஒண்ணு எடுத்துட்டு வந்து வீட்டுல விதை போடலாமா?

கூடாது. காய், காளான், பட்டை, கல், பூ எதையும் எடுப்பது மாநிலப் பூங்கா விதிகளுக்கு எதிரானது. அவ்வளவு பெரிய மரத்தின் காய் கட்டைவிரல் நுனி அளவுதான் என்பதைப் பார்த்து வியந்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். கன்று வேண்டுமானால் நாற்றங்காலில் விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் புறநகர் வீட்டுத் தோட்டத்துக்கு இது தகுந்த மரம் இல்லை.

டெண்ட் போட்டு ராத்திரி தங்கணும்னு ஆசை.

தலைமையகப் பகுதியின் முகாம்கள் தீயில் போய்விட்டன. பக்கத்தில் ஹென்றி கோவெல், போர்ட்டோலா ரெட்வுட்ஸ், புட்டானோ ஆகிய மாநிலப் பூங்காக்களில் முயலுங்கள். குளிர்காலத்தில் சில முகாம்கள் மூடியிருக்கும். மாநிலப் பூங்காக்களின் முன்பதிவுத் தளமான ரிசர்வ் கலிபோர்னியாவில் ஆறு மாதம் முன்னதாக, காலை 8 மணிக்கு அந்தத் தேதி திறக்கும். கோடை வாரயிறுதி என்றால் 7:55-க்கே உள்நுழைந்து காத்திருங்கள். கிடைக்காவிட்டால் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் தினமும் பாருங்கள், ரத்தாகும் இடங்கள் வரும்.

ஓர் இடத்துக்குப் பொதுவாக எட்டுப் பேர் வரைதான். நான்கு குடும்பம் சேர்ந்து வருவதாக இருந்தால் இரண்டு மூன்று இடங்களை அடுத்தடுத்துப் பதியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அந்தாக்ஷரி 9:45-க்கு முடியட்டும். விறகு பொறுக்கக் கூடாது, அங்கேயே விலைக்கு வாங்குங்கள். தொலைவிலிருந்து கொண்டுவரும் விறகோடு பூச்சியும் நோயும் வரும். தீ எச்சரிக்கை இருந்தால் கணப்பு மூட்டவே முடியாது, சமையல் வேண்டாத இரவுச் சாப்பாடு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல் பூட்டும் பெட்டியில் வையுங்கள். ரக்கூன் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தது.

ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறது? சிக்னல்தான் இல்லையே.

புதிய கைபேசிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு வசதி உண்டு; ஆனால் மேலே வானம் திறந்திருக்க வேண்டும், அடர்ந்த மரத்தடியில் தொடர்பு கிடைக்கத் திணறும். அதை மட்டும் நம்பாமல், அடிபட்டவரோடு ஒருவர் இருக்க இன்னொருவர் தலைமையகப் பகுதிக்கு நடந்து வந்து ரேஞ்சரிடம் சொல்வதே உறுதியான வழி. எந்தப் பாதை, கடைசியாகக் கடந்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சந்திப்புகளில் உள்ள பலகைகளைப் போகும்போதே படம் எடுத்துக்கொண்டால் இதற்கும் உதவும், வழி தவறினாலும் உதவும்.

பூங்கா காலை 8 மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடும். பள்ளத்தாக்கில் அதற்கு முக்கால் மணி முன்பே இருட்டத் தொடங்கும். நவம்பரில் 3 மணிக்கு மேல் மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்காதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. பிக் பேசினா, ஹென்றி கோவெல்லா?

அப்பா அம்மாவுக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் ரெட்வுட் காட்டப்போகிறீர்கள் என்றால் ஹென்றி கோவெல். ஃபெல்டனில் இருக்கிறது, வளைவுகள் குறைவு, 2020 தீ எட்டாத பழங்காடு. ரெட்வுட் குரோவ் லூப் 0.8 மைல், சமதளம், நல்ல நிழல். பக்கத்திலேயே ரோரிங் கேம்ப் நீராவி ரயிலும் உண்டு. பகலில் மட்டும் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் 9-ஆம் எண் சாலை வாசலுக்கு வர வேண்டும். அங்கே முகாம் பதிந்தவர்களுக்கு கிரஹாம் ஹில் சாலையில் தனி வாசல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

மரங்கள் எப்படி உயிர் பிழைக்கின்றன என்று பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள், முன்பே ரெட்வுட் பார்த்தவர்கள், நடக்கப் பிடித்தவர்கள் பிக் பேசினுக்கு வாருங்கள். தெம்பிருந்தால் ஒரே நாளில் இரண்டும் முடியும்: காலை 8 மணிக்குப் பிக் பேசின், 11 மணிக்குள் கிளம்பி போல்டர் கிரீக் வழியாக இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் ஃபெல்டன். இந்த வரிசையில் போங்கள். மதியத்துக்குப் பிறகு மலைச்சாலையில் ஏறும் வண்டிகளும் அதிகம், பின்இருக்கையில் குமட்டலும் அதிகம்.